'சரி' என்று தலையாட்டுமுன் ஒருமுறை கடித்துப் பாருங்கள்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பார்கள் எமது முதியவர்கள். எனது பணியில் நான் சந்திக்கும் சகோதரிகள் பலருக்குப் புதுப் பல் கட்டப் போன இடத்திலும் சொல் போய்விடுகிறது. "எப்படி இருக்கு, சரியோ?" என்று வைத்தியர் கேட்கும்போது, ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தும் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுகிறார்கள். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் பகுதிகளில் பெண்கள் பல் இழந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. செல் துண்டு பட்டவர்கள், பதுங்குகுழிக்குள் பாய்ந்து விழுந்தவர்கள், அடி வாங்கியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களைவிடக் கூடுதலானோர், சூத்தை விழுந்த பல்லை அடைக்க வழியில்லாமல் பிடுங்குவித்தவர்கள். 1990களில் வன்னியிலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளிலும் பல்லுக்கொதி என்று போன ஒருவருக்கு வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றும் வசதி பெரும்பாலும் கிடைக்கவில்லை. கிராம்பைக் கடித்துக்கொண்டு இரவைக் கழித்து, முடியாத கட்டத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டு வருவதுதான் நடந்தது. பிள்ளைகள் வளர்ந்து, வீடு ஓரளவு நிமிர்ந்த பின்னர்தான் தமது வாயைப் பற்றி நினைக்க எங்கள் பெண்களுக்கு நேரம் வருகிறது.

நான் பல் வைத்தியம் படித்தவளல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். சிகிச்சைக்குச் செல்லும் பெண்களுக்குத் துணையாகப் போய், கதிரைக்குப் பக்கத்தில் நின்று, வைத்தியர்களையும் பல் செய்யும் தொழில்நுட்பவியலாளர்களையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். உடைந்த அல்லது வேர்ச் சிகிச்சை செய்த பல்லைச் சுற்றிவரச் சீவி, அதன்மேல் தொப்பி போலப் போடும் மூடிதான் 'கிரவுன்'. இல்லாத ஒரு பல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள பற்களைச் சீவி, மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து ஒட்டுவது 'பிரிட்ஜ்', அதாவது பாலம். கழற்றிப் போடும் பொய்ப்பல் சரிவராவிட்டால் கழற்றிக் கையில் கொடுத்து, "இதை ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லலாம். கிரவுனும் பிரிட்ஜும் சீமெந்து வைத்து ஒட்டப்படுபவை. ஒட்டியபின் பிழை என்றால் வாய்க்குள்ளேயே தேய்க்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும்.

வாயை மூடும்போது மேற்பற்களின் மேடு கீழ்ப்பற்களின் பள்ளத்தில் போய் உட்காருகிறது. எந்த மேடு எந்தப் பள்ளத்தில் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்தச் சந்திப்பைத்தான் 'கடி' என்கிறார்கள். சோற்றுக்குள் ஒரு சிறு மணல் கிடந்தால் எப்படி உடனே தெரிகிறது என்று நினைத்துப் பாருங்கள். பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கும் நரம்புகளின் வேலை அது. ஒரு மில்லிமீற்றரின் 50இல் ஒரு பங்கு தடிப்புள்ள பொருளைக்கூட மேல் கீழ்ப் பற்களுக்கிடையில் எம்மால் உணர முடியும். தலைமுடி அதைவிடத் தடிப்பானது. புதுப் பல் ஒரு முடியளவு உயர்ந்துவிட்டாலும் மாரியில் ஊதிய கதவு நிலையில் முட்டுவது போல, வாய் மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓர் இடம் முதலில் முட்டும்.

புதுப் பல்லைச் செய்பவர் உங்கள் வாயைப் பார்ப்பதேயில்லை. வைத்தியர் அச்செடுத்து அனுப்ப, ஆய்வுகூடத்தில் சாந்து வார்த்து மேல், கீழ்த் தாடைகளின் மாதிரிகளைச் செய்கிறார்கள். அந்த ஆய்வுகூடம் வேறு ஊரிலும் இருக்கலாம். கையில் இரண்டு சாந்துத் தாடைகளை வைத்துக்கொண்டு, 'இந்த மனுசி வாயை மூடினால் இவை எப்படிச் சந்திக்கும்?' என்று அவர் அறிய வேண்டும். அதற்காக உங்கள் பற்களுக்கிடையே மெழுகையோ பசையையோ வைத்துக் கடிக்கச் சொல்லி எடுக்கும் அடையாளத்தைத்தான் 'கடிப் பதிவு' என்கிறார்கள். ஒரு நிமிட வேலை போலத் தெரியும். அந்த ஒரு நிமிடம் பிசகினால் எத்தனை அழகான பல்லும் வாய்க்குப் பொருந்தாது.

முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 2009இல் கன்னத்தில் பட்ட சன்னம் ஒன்று அவரது இடது கீழ்க் கொடுப்புப் பல்லை உடைத்துவிட்டது. வேரையும் பிறகு எடுத்துவிட்டார்கள். பல வருடங்களின் பின் வெளிநாட்டிலிருந்த சகோதரி அனுப்பிய பணத்தில், நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் பிரிட்ஜ் கட்டினார். ஒட்டிய அன்றே இடித்திருக்கிறது.

"வாய் முழுக்க விறைச்சுக் கிடந்தது பிள்ளை. சரியோ எண்டு கேட்டினம். வெளியில இன்னும் சனம் இருக்குது, நான் என்ன சொல்லுறது? ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்" என்றார் அக்கா.

இரண்டு வாரத்தில் குளிர்த் தண்ணீர் கூசியது. பிறகு இடது பக்கக் காதடியில் நோவு, பின்னேரமானால் நெற்றிப்பொட்டில் இடி. அவர் போன இடமெல்லாம் சொன்ன பதில் ஒன்றுதான்: "நீங்கள் கனக்க யோசிக்கிறீங்கள்." யுத்தத்தில் கணவரைத் தொலைத்த பெண் என்பதால் அவரது தலையிடியும் யோசனை, நித்திரையின்மையும் யோசனை, பல் நோவும் யோசனை. பனடோல் போட்டுப் போட்டு ஒன்றரை வருடம் ஓடியது. வலது பக்கத்தால் மட்டும் சாப்பிட்டார். கச்சான் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

இதில் எனக்குக் கோபம் உண்டு. மன வேதனை உடம்பில் நோவாக வெளிப்படும் என்பது உண்மை. அதைப் பற்றி நானே எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த அறிவே சில வேளை ஒரு பெண்ணின் வாயைத் திறந்து பார்க்காமல் விடுவதற்குச் சாட்டாகிவிடுகிறது.

கடைசியில் பிரிட்ஜின் மேலிருந்த பீங்கான் ஒரு பக்கம் உடைந்தபோதுதான் அவரை இன்னொரு பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அந்த வைத்தியை முதலில் ஊசியும் போடவில்லை, படமும் எடுக்கவில்லை. காபன் தாள் போன்ற மெல்லிய நீலத்தாள் ஒன்றைப் பற்களுக்கிடையே வைத்து, "தட்டித் தட்டிக் கடியுங்கோ அம்மா" என்றார். பின் கண்ணாடியைக் காட்டினார். மற்றப் பற்களில் நிறமே படவில்லை. பிரிட்ஜின் பின்பக்கத்தில் மட்டும் ஓர் ஆழ்ந்த நீலப் புள்ளி. முழுத் தாடையின் பலமும் ஒன்றரை வருடமாக அந்தப் புள்ளியில்தான் இறங்கியிருக்கிறது. அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லேல்லத்தானே?" என்று கேட்டார்.

பிழை எங்கே வந்திருக்கலாம் என்று அந்த வைத்தியை விளக்கினார். முக்காலிக்கு மூன்று காலும் இருந்தால் ஆடாது. ஒரே ஒரு நடுப்பல்லுக்குக் கிரவுன் போடும்போது முன்னும் பின்னும் மற்றப் பற்கள் இருப்பதால், சாந்து மாதிரிகள் தாமாகவே சரியாகப் பொருந்திக்கொள்ளும். அங்கே நடுவில் மெழுகை வைத்தால், அந்த மெழுகே இரண்டையும் விலக்கிப் பிடித்துக் கெடுத்துவிடவும் கூடும். ஆனால் இந்த அக்காவுக்குப் பாலத்தின் பின்பக்கத்தைத் தாங்கியது வரிசையின் கடைசிப் பல். அதைச் சீவியதும் முக்காலியின் ஒரு கால் போய்விட்டது. அந்த இடத்தில் பதிவு கட்டாயம் வேண்டும், அதுவும் திருத்தமாக வேண்டும். மெழுகு தடிப்பாக இருந்து அக்கா முழுதாகக் கடிக்காமல் விட்டிருந்தால், சாந்துத் தாடைகள் கூடுதலாகத் திறந்து நின்றிருக்கும். செய்தவர் அந்த இடைவெளியை நிரப்பிப் பல்லை உயர்த்திச் செய்திருப்பார்.

மெழுகுக்கு வேறு குணமும் உண்டு. சூட்டில் இளகும், ஆறும்போது சுருங்கும். எங்கள் வெயிலில் பஸ்ஸில் ஏறி இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் சற்று வளைந்தாலும் போதும், அளவு பிழைத்துவிடும். கவனமான வைத்தியர்கள் மெழுகிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பலர் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்துகிறார்கள். குழாயிலிருந்து பீச்சினால் ஒரு நிமிடமளவில் இறுகிவிடும். பிறகு அதிகம் மாறாது. அதிலும் பற்களின் மேடு பட்ட அடையாளத்தை மட்டும் விட்டு, முரசில் பட்ட பகுதியைக் கத்தியால் சீவிவிட வேண்டுமாம். மெத்தென்ற முரசு வாயில் அமுங்கிக் கொடுக்கும், சாந்து முரசு அமுங்காது என்பதே காரணம். சில இடங்களில் சிறு கமராவை வாய்க்குள் விட்டுக் கணினியில் படமாக எடுக்கிறார்கள். அங்கும் வாயைச் சரியாக மூடிக் கடிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அக்காவின் உடைந்த பிரிட்ஜை வெட்டி எடுத்து, தற்காலிகமாகப் பிளாஸ்ரிக் பல் ஒன்றை உயரமில்லாமல் வைத்துச் சில வாரம் விட்டார்கள். காதடி நோவு குறைந்தது. தலையிடி முற்றாகப் போகவில்லை. எல்லாத் தலையிடிக்கும் பல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நோவு தணிந்து தசைகள் இளகிய பின்னர்தான் புதிய பதிவு எடுத்தார்கள். ஊசி போடுவதற்கு முன்பே, நிமிர்ந்து இருக்கச் செய்து, "பின்பல்லால் கடியுங்கோ" என்று பலமுறை பழக்கினார்கள். 'கடி' என்று மட்டும் சொன்னால் நாங்கள் பலரும் நாடியை முன்னுக்குத் தள்ளி முன்பல்லால் கடித்துவிடுகிறோம். பின் ஒரு மெல்லிய தகட்டுத் தாளை வலது பக்கப் பற்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீற்றரை 125 ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அதன் தடிப்பு. பற்கள் உண்மையாகச் சந்தித்தால் அது இழுபடாது. எந்தெந்தப் பல் தாளைப் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு சீவிய பற்களின் மேல் மட்டும் பசையை வைத்துக் கடிக்கச் செய்து, அதே பற்கள் அதே தாளை இப்போதும் பிடிக்கின்றனவா என்று திரும்பப் பார்த்தார்கள். பிடித்தன. அப்போதுதான் பதிவை ஏற்றுக்கொண்டார்கள்.

பல பற்கள் போய், மேலும் கீழும் சந்திக்க ஆளில்லாத வாய்க்கு இந்த வழி உதவாது. அங்கே காதடியிலுள்ள தாடை மூட்டின் நிலையை வைத்தே பதிவெடுக்க வேண்டும். மெழுகில் ஒரு மேடை செய்து வைத்து, தாடையை வைத்தியர் தன் கையால் மெல்லப் பிடித்து மூடச் செய்வார். நேரமெடுக்கும். இரண்டு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடும். "ஏன் திரும்பத் திரும்ப?" என்று சலிக்காதீர்கள். திரும்ப எடுப்பவர்தான் நல்ல வைத்தியர்.

இனி, எங்களில் சிலருக்கு மட்டும் உரிய விடயம். கதிரையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் வெளிச்சமடித்து, முகத்தருகே ஒரு அந்நியரின் கை வருவது எல்லோருக்கும் சாதாரணமான ஒன்றல்ல. தடுத்து வைக்கப்பட்டிருந்த, துன்புறுத்தப்பட்ட பெண்களுக்கு அந்தக் கதிரை வேறொன்றை நினைவூட்டும். உடம்பு விறைக்கும், பல் இறுகும். இறுகிய தாடையில் எடுத்த பதிவும் நம்ப முடியாததாகிவிடும். காரணத்தை நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "எனக்குச் சாய்ந்தால் பயம், இருந்தபடி செய்வீங்களோ?" என்று கேட்டால் போதும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரை உள்ளே விடும்படி கேளுங்கள். தாடை இளகாவிட்டால் முன்பற்களுக்கிடையே பஞ்சுருளையோ சிறு பிளாஸ்ரிக் துண்டோ வைத்துச் சில நிமிடம் இருக்கவிட்டுப் பிறகு பதிவெடுப்பதும் உண்டு. நித்திரையில் பல் நெறுமும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கவலையும் பதற்றமும் உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. பீங்கான் பல்லை உடைக்கவும் செய்யும். இரவில் போட ஒரு கவசம் செய்து தரலாம்.

முகத்தில் காயம் பட்டவர்கள், தாடை உடைந்து பொருந்தியவர்கள், உள்ளே இன்னும் சன்னம் இருப்பவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். உடைந்து பொருந்திய தாடையின் கடி பழையபடி இருக்காது. உங்கள் வாய் எவ்வளவு திறக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். உங்களுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்தால் போக வேண்டும். போகாவிட்டால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். பாக்கு, வெற்றிலை போடுபவர்களுக்கு வாய் எரிவும் சேர்ந்து, திறப்பது நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பல் கட்டுவது பிறகு இருக்கட்டும். அதற்காகவே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாக்கினால் வாயின் உட்தோல் இறுகும் அந்த நோய் சிலரில் புற்றுநோயாக மாறுகிறது.

பல் வந்து பொருத்தும் நாள்தான் உங்கள் சொல்லுக்குரிய நாள். சமூகவியலில் டல்கொட் பார்சன்ஸ் என்பவர் 1951இல் 'நோயாளி பாத்திரம்' என்ற ஒன்றை விளக்கினார். நோயாளி வைத்தியரோடு ஒத்துழைக்க வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. எங்கள் பெண்கள் அந்த ஒத்துழைப்பை மௌனம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். நிவாரண வரிசையில் நின்று பழகிய எங்களுக்குத் தந்ததை வாங்கிக்கொண்டு நகர்வது கைவந்த பழக்கம். ஆனால் இங்கே வைத்தியரின் நீலத்தாள் சொல்வது பாதி. மீதியை உங்கள் பல்லின் நரம்புதான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு வேலை முடியவில்லை.

ஆகவே சீமெந்து வைப்பதற்கு முன் கதிரையை நிமிர்த்தச் சொல்லி, நிமிர்ந்த நிலையிலும் கடித்துப் பாருங்கள். படுத்திருக்கும்போது கீழ்த்தாடை சற்றுப் பின்னுக்குப் போகும்; சாப்பிடுவது இருந்துகொண்டுதானே. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சந்திக்கின்றனவா? புதுப் பல் முந்துகிறதா? நாடியை இடமும் வலமும் அசைக்கும்போது தட்டுகிறதா? விறைப்பு ஊசி போட்டிருந்தால் உணர்வு சரியாக வராது, "விறைப்புப் போனபிறகு இடிச்சால் திரும்ப வரட்டோ?" என்று அப்போதே கேட்டு வையுங்கள். உயரமாக இருந்து தேய்த்தால், தேய்த்த இடத்தை மினுக்கியும் விட வேண்டும். சொரசொரப்பான பீங்கான் எதிர்ப்பல்லை அரம் போல அராவிவிடும்.

அக்கா அன்றைக்கு மூன்று தடவை சொன்னார், "இடப் பக்கம் இன்னும் கொஞ்சம் முந்துது டொக்டர்" என்று. மூன்று தடவையும் வைத்தியை தாள் வைத்துப் பார்த்துத் தேய்த்தார். நான்காம் தடவை அக்கா சொல்வதற்கு முன்பே முகத்தில் தெரிந்தது.

"கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்பது பாதி உண்மை. புதுப் பல்லை நாக்கு தடவித் தடவிப் பார்ப்பதும், புதினமாக இருப்பதும் சில நாளில் பழகும். கடிக்கும்போது நோவது, குளிருக்குக் கூசுவது, அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவது ஆகியவற்றுக்குப் பழக்கம் மருந்தல்ல. சில நாளில் குறையாவிட்டால் திரும்பிப் போங்கள். சில நிமிடத் தேய்ப்பில் தீரக்கூடியதை வருடக்கணக்கில் இழுத்தால் பல் ஆட்டம் காணலாம், பீங்கான் உடையலாம்.

ஒரு பல் போன எல்லோருக்கும் பிரிட்ஜ் வேண்டும் என்பதுமில்லை. மேலும் கீழுமாக 20 பற்கள் ஒழுங்காகச் சந்திக்கும் வாயில் பின்னால் ஓர் இடைவெளியை அப்படியே விட்டுவிடலாம் என்று சில வேளை வைத்தியரே சொல்வார். கடன்பட்டுக் கட்டுவதற்கு முன் அதையும் கேளுங்கள். கிரவுன், பிரிட்ஜ் வேலை எல்லா அரச ஆஸ்பத்திரிகளிலும் நடப்பதில்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்ப வேண்டி வரலாம். உங்கள் பகுதி ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் விசாரியுங்கள்.

தூர இடத்திலிருந்து போய்வருபவர்களுக்கு இன்னொன்று. பதிவு எடுத்த நாளுக்கும் புதுப் பல் வரும் நாளுக்கும் இடையில் போட்டுவிடும் தற்காலிகப் பல் கழன்று விழுந்தால், "எப்படியும் அடுத்த கிழமை போகத்தானே போறன்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் வெற்றிடத்தை நோக்கி இறங்கும். எடுத்த பதிவு பிறகு உங்கள் வாயின் பதிவாக இராது. விழுந்ததைக் கழுவி ஒரு சிறு டப்பாவில் போட்டு, அன்றைக்கே அல்லது மறுநாள் ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். டப்பாவையும் மறக்காமல் கொண்டு போங்கள். அநேகமாக அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள்.